தூசி நீக்கம்: அதிகம்

மே 3

அன்புள்ள அம்மா,

இந்தக் கடிதத்திலும் இனி எழுதப்போகும் கடிதங்களிலும் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன் என்று உறுதி கூறுகிறேன். எனக்குச் சாதகமாக எதையும் மாற்ற மாட்டேன். போனில் பேசினால் நீங்கள் அழுகிறீர்கள், நானும் "சாப்பிட்டீங்களா" என்பதைத் தாண்டிப் போவதில்லை. கடிதம் என்றால் இருவருக்கும் நேரம் கிடைக்கும்.

விடுமுறை தொடங்கிய மறுநாள் பழைய அகராதி ஒன்றைத் தேடிப் பரணில் ஏறினேன். அகராதி கிடைக்கவில்லை, ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. மூடியைத் திறந்ததும் காடி புளித்த வாடை முகத்தில் அடித்தது. உள்ளே மெல்லிய காகித உறைகளில் படச்சுருள் துண்டுகள். ஒவ்வொரு படமும் தீப்பெட்டி அளவு. டின்னை இறக்கி அப்பாவிடம் காட்டினேன். நாங்கள் பேசியதை அப்படியே தருகிறேன்.

"இது என்னப்பா?"

"நெகட்டிவ்."

"யாரோடது?"

"நம்மளோடதுதான். நான் எடுத்தது."

"ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல ஏத்தட்டுமா?"

"லீவுல உனக்கு வேற வேலையே இல்லையா?"

"இல்லப்பா."

"அப்ப பண்ணு. ஆனா என்கிட்ட எதுவும் கேக்காத."

பள்ளி நூலக மிஸ்ஸிடம் படச்சுருளை ஸ்கேன் செய்யும் கருவி இருக்கிறது. பள்ளி திறக்கும்வரை வைத்துக்கொள்ளக் கொடுத்தார். "கண்ணாடியில உன் விரல் பட்டுதுன்னு வை, கைரேகை நிபுணரையே கூட்டிட்டு வருவேன்" என்று எச்சரித்தார். எனவே அப்பா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும்போது போடும் கையுறையைப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறேன்.

துண்டுகளைக் கறுப்புச் சட்டத்தில் பொருத்தி, பளபளப்பான பக்கம் கீழே இருக்கும்படி கண்ணாடிமேல் வைக்க வேண்டும். மூடியிலும் ஒரு விளக்கு உண்டு. அது நகரும்போது விளிம்பில் கசியும் வெளிச்சம், அடுத்த அறையில் யாரோ விளக்கை ஏந்தி நடந்துபோவது போல இருக்கிறது. பிறகு திரையில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறி ஒரு படம் எழுந்து வருகிறது. முதலில் வந்தது நீங்கள். நீங்கள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

படங்கள் முழுக்கத் தூசியும் கீறலும் முடியுமாக இருந்தன. மென்பொருளில் 'தூசி நீக்கம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று அளவு. எதைச் செய்தாலும் முழுதாகச் செய்யவேண்டும் என்பது என் கொள்கை. எனவே 'அதிகம்' என்று வைத்தேன். படங்கள் கழுவித் துடைத்ததுபோல வந்தன. இத்துடன் ஆறு படங்களை அச்செடுத்து அனுப்புகிறேன்.

அக்காவைத் தேடினேன். இந்த ஆறிலும் அவள் இல்லை. நான் பிறந்த மறுவருடம் அவள் இறந்தாள் என்பதைத் தவிர எனக்கு அவளைப் பற்றி ஒன்றும் தெரியாது. வீட்டில் அவள் படம் ஒன்றுகூட இல்லை. மீதித் துண்டுகளில் கட்டாயம் இருப்பாள். கிடைத்ததும் முதலில் உங்களுக்குத்தான் அனுப்புவேன்.

ஒன்றே ஒன்று விளங்கவில்லை. ஐந்தாம் படத்தில் முற்றத்துத் தரையில் ஒரு சின்ன நிழல் விழுந்திருக்கிறது. நிழலுக்கு உரியவர் யாரும் படத்தில் இல்லை.

உங்கள் மகள்


மே 9

சின்னவளே,

உன் கடிதம் மதியம் வந்தது. தையல் கடையில் சீருடைகளின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கிறேன் என்று உனக்குத் தெரியும். வெட்டித் தைத்த சட்டைகள் இரண்டு பக்கமும் குவிந்திருக்க, நடுவில் உட்கார்ந்து உறையைப் பிரித்தேன். பக்கத்து மிஷின்காரி எட்டிப் பார்த்து, "இது நீயாக்கா? பல்லெல்லாம் தெரியுது" என்றாள். நானும் சிரித்தேன்.

என்னை நீங்கள் என்று எழுதாதே. பேங்க் மேனேஜருக்கு எழுதுவது போல இருக்கிறது.

மூன்றாம் படத்தை எடுத்துப் பார். குழாயடியில் நான் நிற்கிறேன். குனிந்து பக்கத்தில் எதையோ பார்த்துச் சிரிக்கிறேன். என் வலது கை கீழே நீண்டு விரல்கள் மடங்கியிருக்கின்றன. அந்த விரல்களுக்குள் ஒன்றும் இல்லை.

அந்த விரல்களுக்குள் உன் அக்காவின் கை இருந்தது. ஆஸ்பத்திரியில் உன் அப்பாவுக்குக் கோட்டுக்குக் கொடுத்த வெள்ளைத் துணியில் அவளுக்கு மூன்று சட்டை தைத்தேன். அந்த வருடம் முழுக்க அதைத்தான் போட்டாள். "நானும் டாக்டர்" என்று எல்லார் மார்பிலும் காதை வைத்துக் கேட்பாள். அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நன்றாக நினைவிருக்கிறது என்று நான் சொன்னால் இங்கே யாரும் பதில் சொல்வதில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். உனக்கு இதைச் சொல்லும் வயது வந்துவிட்டது. அவள் போனபிறகு நான் அவளோடு பேசிக்கொண்டிருந்தேன். உனக்கு ஐந்து வயதில், அவளுடைய சட்டைகளில் மிஞ்சியிருந்த பூப்போட்ட ஒன்றை உனக்குப் போட்டு அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை என்று உன்னை அடித்தேன். அன்றைக்குத்தான் உன் மாமா வந்து என்னை இங்கே அழைத்துவந்தார். ஆளில்லாத இடத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள், கையை நீட்டுகிறாள் என்று அண்ணி டாக்டரிடம் சொன்னாள். வெள்ளைச் சட்டை என்று ஒன்று இருந்ததே இல்லை, தான் அவளைப் பார்த்ததெல்லாம் பூப்போட்ட சட்டையில்தான் என்றும் சொன்னாள்.

இப்போது அதற்குப் படமே வந்துவிட்டது. ஆளில்லாத இடத்தைப் பார்த்துச் சிரிக்கிறேன். கையை நீட்டியிருக்கிறேன்.

உன் அப்பாவைக் கேள். அவர்தான் எடுத்தார், அவர்தான் கழுவினார். குளியலறையை இருட்டாக்கி மணிக்கணக்கில் அதே வேலை. படத்தில் வேண்டாததை நீக்கவும் அவருக்குத் தெரியும். அவர் அவளை நீக்கிவிட்டாரா, அல்லது அவள் அங்கே நிற்கவே இல்லையா? இரண்டில் எது என்று எனக்குத் தெரியவேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

அம்மா


மே 13

அன்புள்ள அம்மா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அடித்தது எனக்கு நினைவில்லை. அதனால் அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

அப்பாவிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்காதே என்று சொல்லியிருக்கிறார். அதோடு, எனக்குப் பயமாகவும் இருக்கிறது. எனவே முதலில் நானே ஆராய்ந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

மூன்றாம் படத்தை மறுபடி மூன்று தடவை ஸ்கேன் செய்தேன். குழாய், வாளி, சுவரின் விரிசல், நீ, எல்லாம் ஒவ்வொரு தடவையும் அச்சு அசலாக வந்தன. உன் கைக்குக் கீழே இருக்கும் இடம் மட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறாக இருந்தது. திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கே சுவர் சுவராக இல்லை. கண்ணாடியில் மூச்சு விட்டுத் துடைத்தது போல ஒரு மங்கல்.

பிறகு டின்னில் மீதியிருந்த எல்லாத் துண்டுகளையும் ஏற்றினேன். ஊஞ்சல் ஒன்று பின்னால் தூக்கி நிற்கிறது, கயிறு விறைத்திருக்கிறது, பலகையில் யாரும் இல்லை. படிக்கட்டுக்கு மேலே ஒரு பந்து அந்தரத்தில் இருக்கிறது, எறிந்தவர் இல்லை. உன் மடியில் நான் கைக்குழந்தையாக இருக்கிறேன். நாம் இருவரும் ஒரே பக்கம் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறோம். அந்தப் பக்கத்தில் ஒரு நாற்காலி மட்டும் இருக்கிறது. அம்மா, நானும் பார்த்திருக்கிறேன். நான்தான் சாட்சி. ஆனால் எனக்கு ஒன்றும் நினைவில்லை.

ஸ்கேன் முடிந்ததும் மூடிக்குள் அந்த விளக்கு திரும்பத் தன் இடத்துக்குப் போகும்போது ஒரு சத்தம் வரும். சின்னக் கால்கள் திரும்பி ஓடுவது போல. முன்பு அது எனக்குக் கேட்டதே இல்லை.

உண்மையை எழுதுவதாகச் சொல்லியிருப்பதால் இதையும் எழுதுகிறேன். அந்த நாற்காலியைப் பார்த்தபோது ஒரு நிமிடம் நானும் நினைத்தேன், ஒருவேளை அங்கே யாரும் இருந்திருக்கவில்லையோ என்று. மாமி சொன்னது சரியாக இருக்குமோ என்று. ஒரு நிமிடம்தான்.

உன் மகள்


மே 18

சின்னவளே,

போதும். இனி ஸ்கேன் செய்ய வேண்டாம்.

நீ நினைத்ததில் தவறில்லை. ஒரு நிமிடம்தான் என்று எழுதியிருக்கிறாய். எல்லாருக்கும் முதலில் ஒரு நிமிடம்தான்.

அண்ணியிடம் நானே போய்ச் சொன்னேன், நீ சொன்னதுதான் சரி, வெள்ளைச் சட்டை என்று ஒன்று இல்லை என்று. அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "சரி விடு, காபி போடட்டுமா" என்றாள். டாக்டரைப் பார்க்க நாள் வாங்கியிருக்கிறார்கள்.

நேற்று கடையில் ஒரு குழந்தைச் சட்டை வந்தது. வெள்ளை. அதற்குக் காஜா எடுக்கும்போது என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை, இப்படி ஒன்றை நான் தைத்தேனா இல்லையா என்று. இத்தனை வருடம் அது ஒன்றுதான் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

படங்களைத் திருப்பி அனுப்புகிறேன். எனக்கு எழுதாதே. படி.

அம்மா


மே 23

அன்புள்ள அம்மா,

எழுதாதே என்று நீ சொன்ன பிறகும் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் முதலில் உறைக்குள் இருக்கும் படத்தைப் பார்த்துவிட்டுக் கிழி.

நீ திருப்பி அனுப்பிய கவரைப் பார்த்துவிட்டு நான் கணினி முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தேன். திரையில் மூன்றாம் படம் இருந்தது. அப்பா வேலை முடிந்து வந்தார். ஒரு செருப்பைக் கழற்றினார், இன்னொன்றைக் கழற்றவில்லை. என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். குனிந்து திரையைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அவ எங்க?"

"யாருப்பா?" என்றேன்.

"பெரியவ. உங்கம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாளே. ஒத்தக் கால்ல. எங்க அவ?"

அம்மா, நான் உன் கடிதத்தைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒற்றைக் கால் என்று நீ எழுதியது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"இல்லப்பா. படத்துல அவ இல்ல."

"என்ன இல்ல? எடுத்தவன் நான். நகரு."

கருவியின் மூடியைத் திறந்து துண்டை வெளியே எடுத்தார். கையுறை போடவில்லை. ஜன்னலுக்குப் போய் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். நாம் செய்தித்தாள் படிப்பதுபோல அவர் நெகட்டிவைப் படிக்கிறார். நாளெல்லாம் எக்ஸ்ரே பார்க்கிறவர் அல்லவா. ஒரே பார்வையில், "இதோ நிக்கிறா பாரு" என்றார். நான் எட்டிப் பார்த்தேன். உன் கையருகே சட்டை போட்ட ஒரு சின்ன உருவம், மை கொட்டியதுபோலக் கன்னங்கறுப்பாக நின்றது.

துண்டில் இருக்கிறாள். திரையில் இல்லை.

"நீ இதை என்ன பண்ணின?"

"ஒண்ணுமே பண்ணலப்பா. தூசியை மட்டும்தான் எடுத்தேன்."

அப்பா என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் உடனே கருவியோடு வந்த கையேட்டை எடுத்துப் படிக்க உட்கார்ந்தேன். புத்தகம் என்றால் முன்னுரையிலிருந்து படிக்கும் நான் இதை மட்டும் படங்களைப் பார்த்துவிட்டு மூடிவைத்திருந்தேன். பின்பகுதியில் சாம்பல் நிறக் கட்டத்துக்குள் சின்ன எழுத்தில் இருந்தது. தூசி நீக்கும் வசதியைக் கறுப்பு வெள்ளைச் சுருளுக்குப் பயன்படுத்தக் கூடாது. அந்தச் சுருளில் படம் வெள்ளித் துகளால் ஆனது. தூசி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க இயந்திரம் ஒரு தனி ஒளியைப் பாய்ச்சுகிறது. தூசி அதை மறைக்கும். வெள்ளியும் மறைக்கும். இயந்திரத்துக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. மறைக்கிற இடத்தையெல்லாம் தூசி என்று எண்ணி, சுற்றிலும் உள்ளதைக் கொண்டு பூசி மூடிவிடும்.

நெகட்டிவில் மிகவும் கறுப்பாக, வெள்ளி அடர்ந்து இருப்பது எது? நேரில் மிகவும் வெள்ளையாக இருந்தது. அதாவது நீ தைத்த சட்டை. நிழல் நெகட்டிவில் வெறும் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். அதனால்தான் இயந்திரம் நிழலை விட்டுவிட்டு, சட்டையோடு சேர்த்து அவளையும் துடைத்திருக்கிறது. குறைவு என்று வைத்திருந்தால் கொஞ்சமாவது மிஞ்சியிருப்பாள். நான் 'அதிகம்' என்று வைத்தேன்.

அந்தக் கட்டத்தில் இருந்த குறியை எடுத்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்தேன். அப்பா நின்றுகொண்டே இருந்தார். விளக்கு நடந்துபோனது. அம்மா, அவள் வந்தாள். தூசி, கீறல், முடி எல்லாவற்றோடும் வந்தாள். தலையைச் சாய்த்துக்கொண்டு, ஒரு காலை மடக்கி, உன் கையைப் பிடித்துக்கொண்டு. வெள்ளைச் சட்டை அவளுக்குக் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. என் மூக்கு அவளுக்கும் இருக்கிறது என்று எழுத நினைத்தேன். அவள்தான் மூத்தவள். எனவே அவள் மூக்குதான் எனக்கு இருக்கிறது.

இப்போது தூசியைத் துடைக்காமலே அச்செடுத்திருக்கிறேன். கன்னத்தில் ஒரு புள்ளி தெரியும். அது மச்சமா தூசியா என்று நீதான் சொல்ல வேண்டும். இனி நானாக எதையும் நீக்க மாட்டேன்.

அப்பாவிடம் நேற்று காலையில் கேட்டேன், வீட்டில் இருந்த படங்களையெல்லாம் ஏன் அகற்றினார் என்று. கேட்காதே என்று அவர் திரும்பச் சொல்லவில்லை.

"பிரிண்ட் இருந்தா உங்கம்மா அதோடயே பேசிக்கிட்டு இருந்தா. அதான் எடுத்துட்டேன்."

"நெகட்டிவை மட்டும் ஏன் வச்சிருந்தீங்க?"

"அது யாருக்கும் பாக்கத் தெரியாது. எனக்குத் தெரியும்."

உன் மகள்


மே 29

சின்னவளே,

மச்சம்தான். இடது கன்னம்.

படத்தை முதலில் நான் அண்ணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நானே பார்க்கவில்லை. நான் பார்த்து, அவள் பார்க்காமல் போய்விட்டால் என்ன செய்வது? அண்ணி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். பிறகு அரிவாள்மணை பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "வெள்ளைச் சட்டை" என்றாள். "ஆமா" என்றேன். "எனக்கு மறந்தே போச்சு பாரு, நான் உன்னை என்னெல்லாம்..." என்று ஆரம்பித்தாள். நான் காபி போடப் போய்விட்டேன்.

டாக்டரைப் பார்க்கப் போவேன். மாத்திரையும் சாப்பிடுவேன். அது வேறு விஷயம். ஆனால் அவள் கையை நான் பிடித்திருந்தேன் என்பதற்கு இனி யாரும் என்னைச் சமாதானப்படுத்தத் தலையாட்ட வேண்டியதில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. முழுதாகச் செய்யும் வியாதி என்னிடமிருந்துதான் உனக்கு வந்தது.

இப்போது ஒன்று கேட்க வேண்டும். அவளுக்கு இருமல் விடவே இல்லை என்று உன் அப்பாதான் தன் ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் படம் எடுத்தார். எடுத்துவந்து, "ஒண்ணுமில்ல, சளிதான்" என்றார். அவள் எழுந்திருக்க முடியாமல் படுத்த பிறகுதான் எனக்கு உண்மை தெரிந்தது. அவர் படம் எடுத்த அன்றைக்கே பார்த்துவிட்டார். தெரிந்துகொண்டே வீட்டுக்கு வந்திருக்கிறார், தெரிந்துகொண்டே சாப்பிட்டிருக்கிறார். காமிராவைத் தூக்கிக்கொண்டு எங்கள் பின்னால் சுற்றினார். "இன்னொன்னு, இன்னொன்னு" என்பார். அந்த க்ளிக் சத்தத்தை இன்றைக்கும் என்னால் தாங்க முடியாது. குழந்தை சாகக் கிடந்தாள், இவர் விளையாடிக்கொண்டிருந்தார். இதற்காகத்தான் நான் அவரோடு பேசுவதில்லை.

இந்தப் படங்கள் அந்த நாட்களில் எடுத்தவையா? கேட்டு எழுது. அவர் சொல்வதை அப்படியே எழுது. அவருக்காக நீ நல்ல வார்த்தை எதையும் சேர்க்காதே.

அம்மா


ஜூன் 2

அன்புள்ள அம்மா,

கேட்டேன். ஒரு சொல்லையும் சேர்க்கவில்லை.

அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, இந்தப் படமெல்லாம் அக்காவுக்கு என்னன்னு தெரிஞ்ச பிறகு எடுத்ததா?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "உங்கம்மா கேக்கச் சொன்னாளா?"

"ஆமா."

"ஆமா, அப்பத்தான் எடுத்தேன்."

"அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

"பெரிய டாக்டர்கிட்ட அன்னைக்கே ஃபிலிமைக் காட்டினேன். செய்யறதுக்கு ஒண்ணுமில்லைன்னுட்டார். வேற ரெண்டு பேர்கிட்டயும் காட்டினேன். அதையே சொன்னாங்க. பின்னால உங்கம்மாகிட்ட இதைச் சொன்னேன், அவ நம்பல. நம்ப வேண்டியதும் இல்ல."

"செய்ய ஒண்ணுமில்லைன்னா சொல்லியிருக்கலாமே."

"சொன்னா உங்கம்மா சிரிக்க மாட்டா. அவ சிரிக்கலைன்னா பெரியவளும் சிரிக்க மாட்டா. அந்த வீட்டுல கொஞ்ச நாளாவது..." என்று நிறுத்தினார். சட்டையைத் திருப்பிப் போட்டு, பெட்டியை அதன் கைமேல் வைத்தார். "எனக்குத் தெரிஞ்சது ஃபிலிம்தான் பாப்பா. உள்ள பாத்துட்டேன். அதுக்கப்புறம் வெளிய இருக்கறதையாவது எடுத்து வச்சுக்கணும்னு தோணிச்சு."

இது நியாயம் என்று நான் எழுதவில்லை. அவர் சொன்னது என்று எழுதுகிறேன். யார் பக்கம் என்று நான் யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. சட்டையின் ஒரு கை லேசாகப் பழுப்பேறிவிட்டது.

எல்லாத் துண்டுகளையும் தூசியோடு மறுபடி ஸ்கேன் செய்து முடித்துவிட்டேன். ஊஞ்சலில் அவள் இருக்கிறாள். பந்தை எறிந்தது அவள். நாற்காலியில் அவள் தலைகீழாக உட்கார்ந்து கால்களை மேலே நீட்டியிருக்கிறாள். நாம் இருவரும் அதைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறோம். அச்சுப்படிகள் இத்துடன் இருக்கின்றன.

உன் மகள்


ஜூன் 6

சின்னவளே,

படங்களைக் கட்டில்மேல் வரிசையாகப் பரப்பிப் பார்த்தேன். அவளை முழுக்கப் பார்த்து முடித்த பிறகுதான் என்னைப் பார்த்தேன். ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் சிரிக்கிறேன். தெரிந்திருந்தால் ஒன்றில்கூடச் சிரித்திருக்க மாட்டேன். அவளும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பாள். மற்றவர் முகத்தைப் பார்த்துத் தன் முகத்தை மாற்றிக்கொள்ளும் பிள்ளை அவள்.

இதற்காக நான் நன்றி சொல்லப் போவதில்லை. அதை அவரிடம் சொல்லிவிடு. என் பிள்ளையின் நாட்கள், எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய நாட்கள். அவர் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். அந்த நாட்களை அவர் தனியாகச் சுமந்தார் என்பதும் எனக்கு இப்போது தெரிகிறது. இரண்டையும் ஒன்றோடொன்று கழித்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை. இரண்டும் அப்படியே இருக்கட்டும்.

காகிதத்தில் பார்த்தது போதாது. அவள் மேல் பட்ட வெளிச்சமே பதிந்த அந்தத் துண்டைப் பார்க்க வேண்டும். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கடையில் சொல்லிவிட்டேன். அண்ணி கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன்.

உன் அப்பா வெளியே போக வேண்டாம். வீட்டிலேயே இருக்கட்டும். நான் அவரோடு பேசுவேனா என்று தெரியாது. நெகட்டிவைப் படிக்க எனக்குத் தெரியாது, யாராவது பக்கத்தில் இருந்து காட்ட வேண்டும்.

உன் உயரம் இப்போது எவ்வளவு? கதவு நிலையில் நின்று பார்த்து எழுது. வெறுங்கையோடு வரமாட்டேன்.

அம்மா


ஜூன் 10

அன்புள்ள அம்மா,

நீ கிளம்புமுன் இது கையில் கிடைக்கவேண்டும் என்பதால் உன் கடிதம் வந்த அன்றே எழுதுகிறேன். என் உயரம் கதவின் மேல் தாழ்ப்பாளுக்கு ஒரு சாண் கீழே. கை கொஞ்சம் நீளமாக வைத்துத் தை.

உன் கடிதத்தை அப்பா வாங்கி நின்றபடியே படித்தார். நன்றி சொல்லப் போவதில்லை என்ற இடத்தில் தலையாட்டினார். பிறகு ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போய், எக்ஸ்ரே பார்க்கும் வெளிச்சப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூலை உடைந்தது என்று அங்கே ஓரமாகப் போட்டிருந்தார்களாம். அதை மேசைமேல் நிறுத்தி, வெள்ளைக் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்தார். அதன் முன்னால் இரண்டு நாற்காலி போட்டார். ஒன்றை எடுத்துக்கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்தார். மறுபடி கொண்டுவந்து கொஞ்சம் தள்ளிப் போட்டார்.

"அவ்வளவு தூரத்துல இருந்தா ஒண்ணும் தெரியாதுப்பா" என்றேன்.

"கூப்பிட்டா கிட்ட வரேன்" என்றார்.

துண்டுகளைப் பெட்டியில் வரிசையாகச் செருகி விளக்கைப் போட்டார். எல்லாப் படத்திலும் அக்கா. முகம் கறுப்பு, சட்டை கறுப்பு, தலைமுடி மட்டும் பளீரென்று வெள்ளை. எழுபது வயது வாழ்ந்து முடித்தவள் போல இருந்தாள். அதை அப்பாவிடம் சொன்னேன்.

"நெகட்டிவ்ல எல்லாரும் கிழவிதான். உன்னைப் பாரு, பொறந்த வருஷமே நரைச்சிருக்க" என்றார். அவர் அக்காவைப் பற்றிப் பேசும்போது கேலி செய்தது இதுதான் முதல் தடவை.

பிறகு என்னை நாற்காலியில் உட்காரவைத்து, குழாயடிப் படத்துக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோகச் சொன்னார். "அவளையே பாரு. கண்ணை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் எடுக்காத. சிமிட்டாத." கண்ணில் நீர் வரும்வரை பார்த்தேன். அவர் எழுந்துபோய் அறை விளக்கை அணைத்தார். திரும்பி வந்து பெட்டியின் விளக்கையும் அணைத்தார்.

ஒன்றும் தெரியவில்லை. பிறகு, அம்மா, இருட்டில் அவள் நின்றாள். கறுப்புத் தலைமுடி, வெள்ளைச் சட்டை, சரியான நிறத்தில். நான் எந்தப் பக்கம் பார்த்தாலும் அந்தப் பக்கம் வந்தாள். சுவரில் நின்றாள், கதவில் நின்றாள், அப்பா இருந்த இடத்தில் நின்றாள். கொஞ்ச நேரம்தான். ஓரத்திலிருந்து மெல்லக் கரைந்து போனாள்.

பிரகாசமான ஒன்றை வெகுநேரம் பார்த்தால் கண் அதன் கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றிக் காட்டும் என்று அறிவியல் புத்தகத்தில் இருக்கிறது. எனக்கு அது தெரியும். தெரிந்திருந்தும் நான் கையை நீட்டினேன்.

"தெரிஞ்சாளா?" என்று அப்பா இருட்டில் கேட்டார்.

"தெரிஞ்சா. நீங்க அடிக்கடி இப்படிப் பாப்பீங்களா?"

"ஆஸ்பத்திரியில பெட்டி இருக்கே" என்றார். "மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும்."

அப்படியானால் இத்தனை வருடமாக ஆளில்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது நீ ஒருத்தி மட்டும் இல்லை. இதை உனக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். எழுது என்றார்.

இன்னொரு தடவை பார்க்கலாமா என்று நான்தான் கேட்டேன். அவர் பெட்டியின் விளக்கைப் போட்டார். இம்முறை தன் நாற்காலியையும் கிட்டே இழுத்துக்கொண்டார். இருவரும் அவளையே பார்த்தோம். பிறகு விளக்கை அணைத்தோம்.

உன் மகள்